கையை எடுக்கப் பழகினேன்

தருவைகுளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு மாமியிடம் இரண்டு வேலை கற்றேன். ஒன்று, பருவலையில் கிழிசல் பொத்துவது. மற்றது, வலிப்பு வரும்போது என் கணவரைப் பார்த்துக்கொள்வது. வலை சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது.

அவருக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ஊரில் பலர் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போகிறார்கள். நடுக்கடலில் வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இவர் கரையில் வலை வேலை பார்க்கிறார். பெண் கேட்டு வந்த அன்றே மாமி இதை மறைக்காமல் என் அப்பாவிடம் சொன்னார். அந்த நேர்மைக்காகவே சம்மதித்தேன். ‘வலிப்புக்காரரைக் கட்டினால் கல்யாணம் செல்லாது’ என்று உறவில் சிலர் பயமுறுத்தினார்கள். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் 1976-இல் அப்படி ஒரு தடையைச் சேர்த்தது உண்மைதான். 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். எங்களுடையதோ கிறிஸ்தவக் கோயில் கல்யாணம். அந்தச் சட்டங்களுக்குள்ளேயே வராது.

முதல் முறை, வலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தபோது வந்தது. ஓர் அலறல், அப்படியே சாய்ந்தார். நான் பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டுகளைத் தரையோடு அழுத்திப் பிடித்தேன். பிடித்தால் இழுப்பு நின்றுவிடும் என்று நம்பினேன். பக்கத்து வீட்டிலிருந்து இரும்புச் சாவி வந்தது. அவர் விரல்களைப் பிரித்து அதைத் திணித்தேன். பல்லுக்கு நடுவே கரண்டி வைக்கச் சொன்னார் இன்னொருவர். அதற்குள் மாமி வந்துவிட்டார். “கைய எடு, ஏட்டி!”

மறுநாள் அவரால் வலை ஊசியைத் தூக்க முடியவில்லை. தோளில் இருந்தது என் பிடியால் வந்த வலி.

அன்று இரவு மாமி அவரையே பாயில் படுக்கவைத்துப் பாடம் நடத்தினார். தலைக்கடியில் மடித்த துண்டு. வாயில் எதுவும் வைக்கக் கூடாது. நன்றாகத் தெளியும்வரை தண்ணீரும் கூடாது. இழுப்பு அடங்கியதும் தோளிலும் இடுப்பிலும் கை வைத்து ஒருபக்கமாக உருட்ட வேண்டும். நான் உருட்டினால் கழுத்து திருகிக்கொண்டது. “திரும்பச் செய்.” முகம் சரிந்து எச்சில் தானாக வெளியே வழியும் கோணம் வரும்வரை மாமி விடவில்லை.

அடுத்த முறை எல்லாம் செய்தேன், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. “பத்து நிமிஷம் இருக்கும் மாமி” என்றேன். மாமி பார்த்திருந்தார்: இரண்டு நிமிடம்கூட இல்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், தெளியாமலே மறுபடி வந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பயத்தில் கணக்குப் போடுகிறவளுக்கு அந்த எல்லை எப்படித் தெரியும் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

விறைப்பின்போது தோளைத் தொட்டால் நங்கூரக் கயிறு முறுகி நிற்பதுபோல இருக்கும். பிறகு வெட்டி வெட்டி இழுக்கும். முதலில் நெருக்கமாக, போகப்போக ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விழும். அழுத்தாமல் தலையோரம் வைத்திருந்த உள்ளங்கைக்கு ஒருநாள் அந்த இடைவெளி தெரிந்தது. “அடங்குது மாமி” என்றேன். மாமி பதில் சொல்லாமல் துண்டின் முனையை மட்டும் சரிசெய்தார்.

வலிப்பு வராத நாட்கள்தான் எனக்கு அதைவிடக் கடினமாக இருந்தன. மாத்திரை தவறினாலும் தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரலாம் என்று தெரிந்த பிறகு, அவரை நான் விடவேயில்லை. குளிக்கப் போனால் கதவோரம் நின்றேன். கூட்டாளிகள் முன்னால் “மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டேன். அவர் என்னோடு பேசுவதே குறைந்தது. வெகுநாள் எனக்குக் காரணம் புரியவில்லை. “அவனுக்குப் பொண்டாட்டி வேணும்ட்டி, காவக்காரி வேண்டாம்” என்றார் மாமி.

பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். மாத்திரை அவர் பொறுப்பு. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. திருவிழா இரவில் சப்பரம் எங்கள் தெருவைக் கடந்ததும் வந்து படுத்துவிடுவார். சரியான மருந்தைத் தவறாமல் எடுத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர் இன்னும் அந்த ஏழில் சேரவில்லை. ஆனால் ஒரு வலிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மாதங்கள் நீள்கின்றன.

முன்பெல்லாம் மகனை விட்டு ஓர் இரவும் வெளியே தங்காத மாமி, இப்போது மணப்பாட்டிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வருகிறார். போன முறை அவர் அங்கிருந்தபோது இவருக்கு வந்துவிட்டது. முழுக்கத் தெளிந்து, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்ன பிறகே போன் செய்தேன். எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் திருப்பினாய், நாக்கைக் கடித்தானா என்று கேட்டார். சொன்னேன். “சரி” என்றவர், வியாழக்கிழமை கிளம்புவதாக இருந்ததை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்.