குஞ்சைப் பிடித்தவன் என்ற பெயர்

பணத்தைக் கட்டியிருந்தால் வழக்கே இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. சந்தேகத்துக்கு உள்ளானவர் வனத்துறை விதிக்கும் இணக்கத் தொகையைச் செலுத்திவிட்டால் விவகாரம் அத்தோடு முடியும். அப்போது அதன் உச்சவரம்பு 25,000 ரூபாய். மகன் திருப்பூரிலிருந்து பணத்தோடு வந்திருந்தான். பெரியவர்தான் பிடிகொடுக்கவில்லை.

"கட்டுனா, குஞ்சைப் பிடிச்சவன்னு ஊருல பேராயிரும் வக்கீலய்யா. அந்தப் பேரோட நான் சாகக்கூடாது."

சிவகங்கைப் பக்கத்துக் கருவேலங்காட்டில் நடந்த சங்கதி. வைகாசி மாதம், பகல் ஒன்றரை மணிக்கு ரோந்து போன வனக்காப்பாளர் மரத்தடியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். பக்கத்தில் கூண்டு, அதற்குள் பழக்கிய சேவல் கௌதாரி. கொஞ்சம் தள்ளிப் புதருக்குள் ஒரு சாக்கு. அதில் உயிரோடு ஆறு கௌதாரிகள். பிறகு வீட்டைச் சோதனை போட்டதில் நரம்புக் கண்ணிகள் கிடைத்தன. கூண்டுப் பறவையைக் கூவவிட்டு ஆறையும் அங்கேயே பிடித்தார் என்று மகஜர் எழுதியாயிற்று. கௌதாரி அன்று நான்காம் அட்டவணையில் இருந்தது. குற்றம் நிரூபணமானால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2022 திருத்தத்துக்குப் பிறகு அட்டவணைகள் மாறிவிட்டன, அபராத வரம்பும் ஒரு லட்சமாகிவிட்டது.

கௌதாரி வேட்டை எப்படி நடக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெரியவர்தான். கௌதாரிக்குப் பறக்கத் தெரியும், ஆனாலும் ஓடத்தான் விரும்பும். ஒரு சேவலும் பெட்டையும் சேர்ந்தால் ஒரு துண்டு நிலத்தைத் தங்களுடையதாக வைத்துக்கொள்ளும். அந்த எல்லைக்குள் வேற்றுச் சேவல் குரல் கொடுத்தால் உள்ளூர்ச் சேவலுக்குப் பொறுக்காது. பதில் கூவிக்கொண்டே கிட்டே வரும், கழுத்தை நீட்டிப் பார்க்கும், கடைசியில் பாய்ந்துவிடும். பாய்கிற இடத்தில் கூண்டைச் சுற்றிக் கண்ணி இருக்கும். மற்ற பொறிகளில் பசிதான் இரை, இதில் ரோஷம். எந்தச் சேவல் வீரமாக வருகிறதோ அதுதான் மாட்டும்.

அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பங்குனியில் கண்ணியை மடித்துப் பரணில் போட்டால் புரட்டாசியில்தான் எடுப்பார். இடையில் உள்ள மாதங்களில் பெட்டை தரையில் சின்னக் குழி பறித்து முட்டையிட்டிருக்கும், அல்லது குஞ்சுகளை இழுத்துக்கொண்டு திரியும். தப்பித்தவறிக் கண்ணியில் பெட்டை விழுந்தால் அவிழ்த்துவிட்டுவிடுவார். அப்படியானால் வைகாசியில் கூண்டோடு காட்டில் என்ன வேலை? கறையான் புற்றைக் கிளறி வளர்ப்புச் சேவலுக்கு மேய்ச்சல் காட்டப் போனாராம். நான் நம்பினேன். கண்ணிகள் அவர் கையில் இல்லாமல் வீட்டுப் பரணில்தான் கிடைத்தன என்று மகஜரே சொல்லிற்று.

சிக்கல் எங்கே என்றால், அவருடைய ஆகச்சிறந்த வாதமே அவரை உள்ளே தள்ளிவிடும். "வைகாசியில் பிடிக்க மாட்டேன்" என்றால் தையில் பிடிப்பேன் என்றுதானே பொருள்? அவர் அப்பா காலத்தில் அதே சட்டத்தின் கீழ்ச் சிறு வேட்டைக்கு உரிமம் வாங்க முடிந்தது. 1991 திருத்தம் வேட்டை உரிமங்களை எடுத்துவிட்டது. சட்டத்துக்கு இப்போது தை, வைகாசி என்ற பேதம் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவின் கீழ் நீதிபதி கேட்கும்போது "பொய் வழக்கு" என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன். "பாதி பொய்தானேய்யா?" என்றார். நெடுநேரம் பேசித்தான் ஒரு வாக்கியத்துக்கு இறங்கி வந்தார்: "அந்த ஆறையும் நான் பிடிக்கல."

வழக்கைத் திறந்துவிட்டது கால்நடை மருத்துவரின் சான்று. அரசுத் தரப்பில் அதை யாரும் ஊன்றிப் படித்ததாகத் தெரியவில்லை. ஆறில் காலில் முள் உள்ளது ஒன்று, அதாவது வளர்ந்த சேவல். முள் இல்லாத வளர்ந்த பறவை ஒன்று. மற்ற நான்கும் இறகு முழுதாகச் சேராத இளசுகள்.

வனக்காப்பாளர் கூண்டேறினார். அவரும் அந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர், காடு தெரிந்தவர். அது தெரிந்தேதான் கேட்டேன்.

"கௌதாரி எந்நேரம் கூப்பிடும்?"

"விடியக்காலையிலும் பொழுது சாயயிலும் சார்."

"உச்சி வெயிலில்?"

"நெழலு தேடிப் படுத்துக்கும்."

"பருவம் வராத குஞ்சு, பழக்குன சேவலோட சண்டைக்கு வருமா?"

சிரித்துவிட்டார். "அது எங்க வரும்? அது தாய் தகப்பன் பின்னால திரியும்."

அரசு வழக்கறிஞர் எழுந்தபோது பதில்கள் பதிவாகிவிட்டன. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

சாக்கில் இருந்தது ஒரே குடும்பம். கௌதாரிகள் இராத்திரியில் முள்மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒன்றாக அடையும். விளக்கைக் கண்ணில் அடித்து வலையை வீசினால் தாய், தகப்பன், குஞ்சு எல்லாம் ஒரே வீச்சில் வந்துவிடும். கூவத் தெரிய வேண்டாம், பழக்கிய சேவல் வேண்டாம், மாதக் கணக்கும் வேண்டாம். பிடித்தவர்கள் சாக்கைப் புதரில் ஒளித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். யார் என்று நிரூபிப்பது என் வேலை இல்லை, நான் அதற்குள் போகவும் இல்லை.

பெரியவரைத் தியாகி ஆக்கவும் எனக்கு மனமில்லை. கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அது எதையும் எடுக்காத கட்டுப்பாடு. இவருடையது எடுப்பவனின் கட்டுப்பாடு. தையில் சேவலைப் பிடித்துவிட்டால் அதன் ஜோடி என்ன செய்யும் என்று கேட்டேன். "வேற சேவல் வந்து சேந்துக்கும்" என்றார். இருக்கலாம். பிடிபட்ட சேவலுக்கு அதில் என்ன ஆறுதல்? அவர் மாதக் கணக்கு பார்ப்பவர் என்பதற்கு அவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. கண்ணிக்காரனையும் வலைக்காரனையும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் பருவம் பார்க்காமல் மொத்தமாகத் தடுத்த சட்டம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதைச் செயல்படுத்துகிறவர்கள் பறவையையும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். படிக்காததால் அன்று வலைக்காரன் தப்பினான்.

57ஆம் பிரிவின்படி வன உயிரினம் ஒருவர் வசம் இருந்தால் அது சட்டவிரோதம் என்றே கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. ஆனால் அவர் வசம் இருந்தது என்பதை முதலில் அரசுத் தரப்பு நிலைநாட்ட வேண்டும். புதருக்குள் கிடந்த சாக்கு பெரியவர் வசம் இருந்ததாக நிலைநாட்டப்படவில்லை என்றது நீதிமன்றம். வேட்டைக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. கூண்டுப் பறவைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. குஞ்சிலிருந்து வளர்த்தாலும் அது காட்டுப் பறவை, 39ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. அதை வைத்திருந்ததற்கு நீதிமன்றம் கலையும் வரை காவலும் 3,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன.

தீர்ப்பு வாசித்தபின் பெரியவர் கைகூப்பி ஒன்று கேட்டார். "அய்யா, அதைப் புதுக்காட்டுல விட்டுறாதீங்க. அந்த எடத்துச் சேவல் கொத்திக் கொன்னுரும்." நடுவர் அதையும் உத்தரவில் சேர்த்தார்: மருத்துவரின் கருத்து இல்லாமல் பறவையை விடுவிக்கக் கூடாது, அதுவரை துறையின் பராமரிப்பில் இருக்க வேண்டும். சாக்கில் இருந்த ஆறும் பிடிபட்ட மறுநாளே, புகைப்படம் எடுத்தபின், நீதிமன்ற அனுமதியோடு அதே காட்டில் விடப்பட்டிருந்தன.

மகன் அபராதத்தைக் கட்டினான். இரு தரப்பிலும் மேல்முறையீடு செய்யவில்லை.