மாமா அனுப்பிய தூண்டிற்கோல்

சென்ற ஆவணி விடுமுறைக்குக் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்குச் சென்றபோது, முன்விறாந்தையில் எனக்காக ஒரு நீண்ட குழாய் காத்திருந்தது. சாம்பல் நிறத் துணி போர்த்திய அக்குழாயை அம்மா சுவரோடு சாய்த்து, பல்லி எச்சமிடாதபடி பழைய சேலைத் துண்டொன்றால் மூடி வைத்திருந்தார். நோர்வேயில் வாழும் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பொருள் அது. குழாயினுள் நான்கு துண்டுகளாகக் கழற்றிய தூண்டிற்கோல் ஒன்று இருந்தது. கூட வந்த பெட்டியில் ஒரு றீலும் சில பொய் இரைகளும் இருந்தன. அனைத்தும் உப்புநீரில் மீன்பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை.

எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து தூண்டில் வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். என் அப்பா மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிந்து என்னைப் படிப்பித்தவர். ஆனால் அந்த வலையை ஒருநாளேனும் என் தோளிற் போட்டவரல்லர். சிறுவயதில் வலையின் ஈயக்குண்டுகளை எண்ணி விளையாடப் போனாற்கூட, "போய்ப் புத்தகத்த எடு மனே" என்று எழுப்பி அனுப்பிவிடுவார். அவருடைய தந்தையும் பாட்டனும் கடலுக்குப் போனவர்கள். 2004 மார்கழி 26ஆந் திகதிக்குப் பின்னர் அப்பா தொழிலுக்காகக் கடற்பக்கம் போவதில்லை, வாவியோடு நிறுத்திக்கொண்டார். ஆகவே, கலைப்பீடத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் நான், நெய்தல் திணையின் முதல், கரு, உரி மூன்றையும் பரீட்சைத் தாளில் எழுதவல்லவன். ஒரு மீனைப் பிடிக்கத் தெரியாதவன். இந்த உண்மையை நண்பர்களிடம் நான் சொல்வதில்லை. வாவிக்கரைப் பையன் என்றதும் மீனைப்பற்றிக் கேட்பார்கள். பாடும் மீனைப்பற்றி இரண்டு வசனம் சொல்லித் தப்பிக்கொள்வேன்.

றீல் பெட்டியின் அடியில் விலைச்சீட்டு மடிந்து கிடந்தது. நோர்வேக் குறோணரில் இருந்த தொகையை ரூபாயாக்கிப் பார்த்தேன். பார்த்ததும் அச்சீட்டைப் புத்தகமொன்றினுள் மறைத்துவிட்டேன். "என்ன விலையாம்?" என்று அப்பா கேட்டபோது, "தெரியாதப்பா, பாவிச்ச பழசாக்கும்" என்றேன். மேலுறை கூடக் கழற்றப்படாத பிடியை அவர் ஒருமுறை தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் இம்முறைக்கு 'ஃபிளை ஃபிஷிங்' என்று பெயர். ஈத்தூண்டில் என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் மாமா அனுப்பிய பெட்டியில் ஈ எதுவும் இல்லை. விலங்கின் மயிரையும் இறகையும் பளபளக்கும் இழைகளையும் முள்ளிற் சுற்றிக் கட்டிய சிறு மீன்களே இருந்தன. கடலில் ஈ ஏது? பெயர் ஆற்றிலிருந்து வந்தது. கி.பி. 200 அளவில் வாழ்ந்த உரோம எழுத்தாளர் ஏலியன், மக்கெடோனிய ஆறொன்றிலே செந்நிறக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளிற் கட்டி மீனை ஏமாற்றியோரைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1496இல் அச்சேறிய தூண்டில் நூலொன்றும் இதனைக் கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நமது மலைநாட்டுக்கு வந்த பிரித்தானியத் தோட்டத் துரைமார், நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீன்களைக் கொணர்ந்து விட்டு, இதே பொழுதுபோக்கை இங்கும் தொடர்ந்தனர். இக்கோல் உப்புநீருக்கு இறங்கிச் செல்வாக்குப் பெற்றது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில், அமெரிக்கரால். அவர்களுள் லெஃப்டி கிரே என்பார் ஆக்கிய பொய் இரையொன்றின் உருவத்தை 1991இல் அந்நாட்டு அஞ்சற்சேவை முத்திரையாகவே வெளியிட்டது. தூண்டில் இரைக்கும் முத்திரை! அவ்வகை இரை ஒன்றும் என் பெட்டியில் இருந்தது. வெள்ளை வாலும் வரைந்த கண்ணுமாக அது பார்ப்பதற்கு அசல் நெத்தலிதான்.

கோல் ஒன்பது அடி. காபன் இழையால் ஆனது. கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாத இலேசு. எட்டாம் இலக்கக் கோல் என்று அதன் அடியிற் பொறித்திருந்தது. அந்த இலக்கம் உண்மையில் கோலுக்குரியதன்று, அது வீசவேண்டிய கயிற்றுக்குரியது. முறையின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. நாம் அறிந்த தூண்டிலில் ஈயமோ இரையோ பாரமாயிருக்கும். அது பறந்து போகும்போது நூலையும் இழுத்துச் செல்லும். இங்கோ இரைக்குப் பாரமில்லை என்றே சொல்லலாம். பாரம் கயிற்றில் இருக்கிறது. எட்டாம் இலக்கக் கயிற்றின் முன்பகுதி முப்பதடியின் நிறை ஏறத்தாழ 13.6 கிராம். அந்தக் கயிற்றைத் தலைக்கு மேலாகப் பின்னே வீசி, அது பின்னால் முழுவதும் நீண்டதும் முன்னே வீசவேண்டும். நீண்ட கயிறு கோலை வளைக்கும். வளைந்த கோல் நிமிரும்போது கயிறு முன்னே பாயும். கயிற்று நுனியிலுள்ள ஒன்பதடித் தங்கூசியும் இரையும் அதன்பின் போய் நீரில் விழும். எழுதிவிட எளிது.

றீலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடைத் தூண்டிலில் றீல் கயிற்றைச் சுற்றிவைக்கும் உருளை மட்டுமே. உப்புநீரில் அதற்கு வேறு வேலையுண்டு. வலிய மீன் இழுத்தோடும்போது நூல் அறாதபடி விட்டுக்கொடுத்தும் தடுத்தும் பிடிப்பது அதுதான். அந்தத் தடைப்பொறிக்குள் உப்புத் தண்ணீர் புகாதபடி இறுக மூடியிருந்தார்கள். "ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணியில கழுவு மருமகன், உப்பு இருந்தா அலுமினியத்தையும் தின்னும்" என்று மாமா தொலைபேசியில் நான்கு முறை சொன்னார். அப்பா பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, "ஏன், வலைய நாங்க கழுவுறல்லையா?" என்றார்.

மாமா இன்னொன்றும் சொன்னார். 1990இல், பதினாறு வயதில் ஊரைவிட்டுப் போனவர் அவர். நோர்வேயின் ஆறுகளிலே சமன் பிடிக்கப் பழகியவர். (தகரத்திலே நாம் உண்பதை எண்ணிவிட வேண்டாம்.) அவர் பழகிய இடத்தில் பிடித்த மீனை முத்தமிடாத குறையாகப் பார்த்து, படமெடுத்து, மீண்டும் நீரில் விட்டுவிடுவார்களாம். நானும் அவ்வாறே செய்யவேண்டும் என்பது அவர் கட்டளை. "கொடுவா முதல்ல ஆண், பிறகுதான் பெண்ணா மாறும். ஒரு கிலோ மீன விட்டா, அது நாளைக்குத் தாய் மீன், இலட்சக்கணக்கில முட்டையிடும்" என்றார். அது பொய்யன்று, விலங்கியல் பயிலும் நண்பனிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். விடுவேன் என்று வாக்களித்தேன். மீன் எளிதாகக் கழன்றுவிடும்படி, முள்ளின் நுனியில் எதிர்ப்புறம் நிற்கும் சிறு கூரையும் மாமா நசுக்கியே அனுப்பியிருந்தார். அப்பா அதை விரல்நுனியால் தடவிப் பார்த்தார். "இது மீன் பிடிக்கிற தூண்டிலா, மீனோட விளையாடுற தூண்டிலா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் நின்றதைக் கண்டு, "சின்னன விடுறது எங்களுக்கும் தெரியும். சினை நண்டையும் விடுவம். பெரிசையும் விடச் சொல்லுறதுதான் புதுக்கதை" என்றார்.

முதல் மூன்று நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்லப் பெருமை எதுவுமில்லை. முற்பகலில் மேற்கேயிருந்து வந்த கச்சான் முகத்திலடித்து, வீசிய கயிற்றை என் காலடியிலேயே குவித்தது. பிற்பகலில் கடற்காற்று முதுகுப்புறமாக எழுந்து, பின்வீச்சை விரியவிடாது தடுத்தது. பொய் இரை ஒருமுறை என் சட்டை முதுகிலும், ஒருமுறை கரையிலிருந்த கண்ணாப் பற்றையிலும், மூன்றாம் நாள் என் வலக்காதிலும் மாட்டியது. மாமா கூரை நசுக்கியதன் அருமையை அப்பொழுதுதான் உணர்ந்தேன். முள் வந்த வழியே வழுவிக்கொண்டு வந்தது. பார்த்திருந்த சிறுவர்கள் அதன்பின் என்னைக் காணும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இணையத்திலே பார்த்த காணொளிகள் யாவும் மனப்பாடம்; கை மட்டும் ஒன்றையும் கேட்கவில்லை. எவ்வளவு வேகமாக வீசினேனோ அவ்வளவு அருகில் விழுந்தது.

நான்காம் நாள் மாலை அப்பா தோணியைக் கரையில் ஏற்றிவிட்டு, சற்றுத் தூரத்தில் குந்தியிருந்து பீடி புகைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பீடி முடிந்ததும் எழுந்து வந்தார்.

"கை அவசரப்படுது மனே. பின்னால போனது நீண்டு முடியட்டும். முடிஞ்சா அதுவே உன்ன ஒருக்கா இழுக்கும். இழுத்த பிறகு விடு."

இழுக்குமா? இழுத்தது. பின்னால் எவரோ மெல்லச் சட்டையைப் பற்றியது போன்ற ஓர் அசைவு. அதை உணர்ந்து கோலை முன்னே கொண்டுவந்தபோது, கயிறு தன்பாட்டிலே விரிந்து ஓடி, ஓசையின்றி நீரில் படிந்தது. அதுவரை அப்படியொன்று நிகழவேயில்லை. அப்பா அந்தக் கோலைத் தொட்டு எறிந்ததில்லை; அம்முறை பற்றிப் படித்ததுமில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வலையும் அப்படித்தானே. நீ விரிக்கக்கூடாது. அது விரியுமட்டும் பொறுக்கோணும்" என்றார்.

கோலை அவரிடம் நீட்டினேன். மீன் மணக்கும் கையென்று மறுத்தார். வற்புறுத்தியபின் சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். முதல் இரண்டு வீச்சும் சரியில்லை. மூன்றாவது வீச்சு நாற்பதடிக்குக் குறையாமற் போய் நேராக விழுந்தது. அதைச் சுற்றியெடுத்தவர் மேலும் ஐந்தாறு முறை வீசினார். ஒவ்வொரு முறையும் உதட்டை இறுக்கிக்கொண்டார். வீச்சுவலையின் ஓரத்தைப் பல்லிற் கவ்வி எறிந்த பழக்கம். அறுபதை அண்மிய அந்த முகத்தில் அப்பொழுது தோன்றியதை நான் முன்பு கண்டதில்லை. நாற்பது ஆண்டுகளாக நீரில் நிற்கும் ஒருவர், மீன் படவேண்டும் என்ற கவலையின்றி எதையேனும் எறிந்தது அதுவே முதற்றடவையாயிருக்கலாம். கோலைத் திருப்பித் தரும்போது, "பழசு நல்லாத்தான் வேல செய்யுது" என்றார். விலைச்சீட்டை எங்கே ஒளித்தேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று ஐயுற்றேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பொழுது சாயும் வேளையில் மீன் பட்டது. நீர் மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. கண்ணா வேர்களின் ஓரமாக விழுந்த இரையை இடக்கையால் விட்டுவிட்டு இழுத்து வந்தேன். திடீரென்று கயிறு கல்லில் மாட்டியது போல நின்றது. பிறகு அந்தக் கல் ஓடத் தொடங்கியது. காலடியிற் கிடந்த கயிறு முழுவதும் விரலைச் சுட்டுக்கொண்டு போயிற்று. றீல் கிறீச்சிட்டது. இருபது யார் தள்ளிக் கொடுவா ஒன்று நீரைப் பிளந்து எழும்பித் தலையை உதறியது. "வேருக்குள்ள போக விடாத!" என்று அப்பா கரையிலிருந்து கத்தினார். நான் என்ன செய்தேன் என்று இப்பொழுது ஒழுங்காகச் சொல்ல இயலாது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழிந்தபின், இடுப்பளவு நீரில் நின்ற அப்பாவின் இரு கைகளுக்குள் அது கிடந்தது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ இருக்கும். வெள்ளி உடல், அந்தி வெளிச்சத்திலே தணலாய் ஒளிர்ந்த கண்.

முள் தானாகவே கழன்றுவிட்டது. மீன் அப்பாவின் கையில், நீருக்குள்ளேயே, செவுள்களை அசைத்தபடி இருந்தது. அவர் கைகளைச் சற்றே விரித்தால் போய்விடும். அவர் விரிக்கவுமில்லை, தூக்கவுமில்லை. என்னைப் பார்த்தார்.

அன்று விடியலிலிருந்து அவர் எறிந்த வலைக்குக் கிடைத்தது ஒரு கோப்பை சிறுமீன். அதை விற்றாயிற்று. வீட்டில் பருப்பு என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தார். மாமாவுக்குக் கொடுத்த வாக்கும், நாளைய தாய் மீனும், அதன் இலட்சக்கணக்கான முட்டைகளும் என் நினைவில் இருந்தன. அவை யாவும் நியாயமானவை. அந்த நியாயத்தை, நீருக்குள் நின்று என் சொல்லுக்குக் காத்திருந்த அந்த மனிதரிடம் எடுத்துச் சொல்ல என் நா எழவில்லை. அவர் 'விடு' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். மீன் என்னுடையது என்று அவர் முடிவுசெய்துவிட்டார் போலும். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மீனைப் பற்றிய தீர்ப்பை அவர் என்னிடம் விட்டிருந்தார்.

"வீட்ட கொண்டு போவம் அப்பா" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு மீனைக் கரைக்குக் கொண்டுவந்தார். வழியில் ஒன்றும் பேசவில்லை. கிணற்றடியில் நான் மீனைக் கழுவப் போக, அவர் அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு வாளி நல்ல தண்ணீர் அள்ளி, றீலை அதில் ஆழ்த்தி, கோலின் வளையம் ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துக் கழுவினார்.

இரவு எட்டரைக்கு, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், மாமா வட்ஸ்அப்பில் அழைத்தார். அங்கே பின்னேரம் ஐந்து மணி. வேலை முடிந்து வந்த உடையோடு இருந்தார்.

"மாமா, கொடுவா ஒண்டு பட்டது."

"எவ்வளவு?"

"ஒரு கிலோ வரும்."

"விட்டியா?"

அப்பாவின் கை கோப்பையில் நின்றது. அம்மா என்னைப் பார்த்தார். விட்டேன் என்று சொல்லிவிடலாம். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

"இல்ல மாமா. வீட்ட கொண்டு வந்திட்டம்."

திரையில் அவர் முகம் அசையாமல் இருந்தது. தொடர்பு அறுந்துவிட்டதென்றே எண்ணினேன். பிறகு அவர் கேட்டார்:

"அக்கா என்ன வச்ச? புளியாணமா?"

"தல புளியாணம், நடுத்துண்டு பொரிச்சது" என்று அம்மா எட்டி நின்று சொன்னார்.

"பழப்புளியா விட்டது, கொறுக்காயா?"

அம்மா அதற்கு வாயாற் பதில் சொல்லவில்லை. இடக்கையால் என்னிடமிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய், சட்டியின் மூடியைத் திறந்து, அதன் மேலே பிடித்துக் காட்டினார்.