தகரப்பெட்டியும் பழுப்பு உறைகளும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழின் தொன்மையைப் பற்றியோ, நான் பிறந்து வளர்ந்த யாங்கோன் நகரின் தமிழ்க் கோயில்களைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும், ஆசிரியன் ஒருவன் தன் பிழையை ஒளிக்காமல் சொல்வதும் ஒரு பாடமே எனத் தோன்றியது. ஆகவே, உரிய நாளில் வருமான வரிக் கணக்கைக் கொடுக்காமல் இருந்துவிட்ட என் கதையைச் சொல்லத் துணிந்தேன். பெற்றோரும் மாணவச் செல்வங்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

கதை கனடாவில் தொடங்கவில்லை. யாங்கோனில் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருந்த ஒரு தகரப்பெட்டியில் தொடங்குகிறது.

என் தாத்தா தஞ்சை மாவட்டத்திலிருந்து கப்பலேறிப் பர்மாவுக்குச் சென்றவர். ரங்கூனுக்கு எதிர்க்கரையில், அந்நாளில் சிரியம் என்றும் இந்நாளில் தன்லின் என்றும் வழங்கும் பகுதியில் நெல் வயல்களில் உழைத்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் கீழ்ப் பர்மாவின் கிராமங்களில் தலைவரி என்று ஒன்று வாங்கினார்கள். மணமானவருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். மணமாகாதவருக்கு இரண்டரை ரூபாய். விளைந்ததா, கூலி கிடைத்ததா என்றெல்லாம் அந்த வரி கேட்பதில்லை. நெல் விலை வீழ்ந்த காலத்தில், 1930ஆம் ஆண்டின் இறுதியில், சாயா சான் தலைமையில் பர்மிய உழவர்கள் கிளர்ந்தெழுந்ததற்கு இந்தத் தலைவரியும் ஒரு காரணம். தாத்தாவும் மனத்துக்குள் வைதுகொண்டேதான் கட்டியிருப்பார். ஆனால், கட்டியதற்குக் கொடுத்த சீட்டுகளை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தார்.

அதே பெட்டியில் இன்னொரு தாளும் இருந்தது. 1948ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தாத்தாவைப் போன்றவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழி இருந்தது. எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு படிவத்தை நிரப்பியும் வைத்தார். ஆனால் கொடுக்கவில்லை. "பெயரைக் கொடுத்தால் கணக்கில் வந்துவிடுவோம். கணக்கில் வந்தால் என்றைக்காவது கேள்வி வரும்" என்பாராம். நாளை, நாளை மறுநாள் என்று அந்தப் படிவம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது.

1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே 17ஆம் நாள் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் வெறுங்கையுடன் தாயகம் திரும்பினார்கள். நாங்கள் தங்கிவிட்டோம். 1982இல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. முன்பு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்திருந்தவர்களுக்கு இணைக் குடிமக்கள் என்னும் தகுதி பெற வழி இருந்தது. விண்ணப்பிக்காதவர்களோ, 1948 சனவரி 4க்கு முன்பே தாமோ தம் முன்னோரோ அந்நாட்டில் வாழ்ந்ததை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்து, இயல்புரிமைக் குடிமக்களாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

என் தந்தையார் அந்தத் தகரப்பெட்டியைச் சுமந்துகொண்டு அலுவலகம் அலுவலகமாகப் பல ஆண்டுகள் அலைந்தார். தாத்தா அழகாக நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கொடுக்காத தாளுக்கு என்ன மதிப்பு? வைதுகொண்டே கட்டிய தலைவரிச் சீட்டுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. தாத்தாவின் பெயரும் ஊரும் ஆண்டும் அதில் இருந்தன. அதைக் கொண்டே என் தந்தையார் பச்சை அட்டை பெற்றார்.

இவ்வளவையும் கேட்டு வளர்ந்தவன் நான். பள்ளிகள் அரசுடைமையான பின், எங்கள் தலைமுறை தமிழ் கற்றது கோயில் மண்டபத்தில்தான். பின்னாளில் யாங்கோனில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியனானேன். 2021 பிப்ரவரி 1ஆம் நாள் மீண்டும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பணிக்குச் செல்ல மறுத்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அந்நாட்களில் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று எவரேனும் சொன்னால், அன்றிரவு வீட்டில் உறங்கமாட்டோம். எல்லையைக் கடந்து தாய்லாந்தின் மே சோட் நகரில் தங்கியிருந்தோம். 2022 நவம்பரில் அகதிகளாக இந்தத் தொராண்டோ மாநகரை வந்தடைந்தோம்.

வந்த சில வாரங்களில் குழந்தை நலக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க ஒருவர் உதவினார், பணமும் வந்தது. நான் ஒரு பண்டகசாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். 2023இன் இளவேனிற் காலத்தில் பழுப்பு நிற உறைகள் வரத் தொடங்கின. அரசாங்கத்தின் பெயரும் என் பெயரும் அச்சிட்ட உறைகள்! அவற்றைக் கண்டபோதெல்லாம் என் கை நடுங்கியது. 2022இல் இந்நாட்டில் நான் ஒரு காசும் ஈட்டவில்லையே, எனக்கு என்ன வரிக் கணக்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உறைகளைத் திறவாமல் சமையலறை இழுப்பறையில் அடுக்கினேன். ஏப்ரல் 30 என்னும் கெடுநாள் கடந்தது. சூலையில் குழந்தைக்கு வந்த பணம் நின்றது. கேட்கப் போனால் வேறு ஏதேனும் குற்றம் கண்டுபிடிப்பார்களோ என்று அஞ்சி, வார இறுதியிலும் வேலைக்குப் போகலாமா என எண்ணினேன். அப்படிப் போயிருந்தால் இந்தத் தமிழ் வகுப்பையும் இழந்திருப்பேன். என் மனைவி குளிர்காலத்தில் தனக்கு ஒரு நல்ல காலணி வாங்குவதைத் தள்ளிப்போட்டாள்.

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. நம் வகுப்பில் ஒரு மாணவன் மூன்று வாரத்து வீட்டுப்பாடத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே, கொடுக்க வெட்கப்பட்டு நின்றான். "தம்பி, தாமதமானாலும் கொடு. கொடுக்காத தாளை நான் எப்படித் திருத்துவேன்?" என்றேன். அவன் தந்தான். அதே வகுப்பில் அமர்ந்திருந்த என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றிரவு உணவு முடிந்ததும், இழுப்பறையிலிருந்த உறைகளையெல்லாம் எடுத்து வந்து என்முன் வைத்தாள். "அப்பா, இதுவும் வீட்டுப்பாடந்தானே?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு மறுமொழி வரவில்லை.

அடுத்த மாதம், குறைந்த வருமானமுள்ளோருக்குத் தன்னார்வலர்கள் இலவசமாக வரிக் கணக்கு நிரப்பித் தரும் நிலையத்துக்குச் சென்றேன். அங்கே அமர்ந்திருந்தவர் நம் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார், யாழ்ப்பாணத்தவர். உறைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாஸ்டர், இதுக்கே இவ்வளவு பயம்? வந்த புதிசிலை நானும் இப்பிடித்தான் பயந்தனான்" என்றார். உறைகளுக்குள் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கணவன் மனைவி இருவரும் கணக்குக் கொடுத்தால்தான் கொடுப்பனவைக் கணக்கிட முடியும் என்பதே செய்தி.

கனடாவுக்கு வரும் முன், அவ்வாண்டில் உலகில் எங்கேனும் ஈட்டியது உண்டா என்று அவர் கேட்டார். அதற்கு இங்கே வரி இல்லையாம். கொடுப்பனவைக் கணக்கிடுவதற்காகச் சொல்லவேண்டுமாம். மே சோட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பெற்ற சில ஆயிரம் தாய் பாட்களை மாதவாரியாக நினைவுகூர்ந்து சொன்னேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி அல்லவா? என்னுடையதும் மனைவியுடையதுமாக 2022ஆம் ஆண்டுக் கணக்குகளும், கூடவே 2023ஆம் ஆண்டுக் கணக்குகளும் அன்றே முடிந்தன. தாமதத்துக்குத் தண்டம் எவ்வளவு என்று தயங்கிக் கேட்டேன். கட்டவேண்டிய வரி இருந்து, கணக்கும் தாமதமானால், அந்த வரித்தொகையில் 5 விழுக்காடும், தாமதமான ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 விழுக்காடும், பன்னிரண்டு மாதம் வரை சேருமாம். எனக்குக் கட்டவேண்டிய வரியே இல்லை. ஆகவே தண்டமும் இல்லை. சில வாரங்களில் மதிப்பீட்டு அறிவிப்பு வந்தது. நின்றுபோன மாதங்களின் கொடுப்பனவும் சேர்ந்து வந்தது. மனைவிக்குக் காலணி வாங்கினோம். அதற்குள் பனி உருகத் தொடங்கிவிட்டது.

புதிதாக வந்த பெற்றோருக்கு ஒன்றிரண்டு செய்திகள். வருமானம் இல்லாவிட்டாலும் கணக்கைக் கொடுங்கள். தவறிவிட்டால் அடுத்த ஆண்டுக்குக் காத்திராமல் உடனே கொடுங்கள். வரவேண்டிய பணத்துக்காகப் பத்து ஆண்டுகள் பின்னோக்கிக்கூடக் கேட்க வழியுண்டு. கட்டவேண்டியிருந்தால், கையில் பணம் இல்லையென்றாலும் கணக்கை நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். தாமதத் தண்டம் சேராது, வட்டி மட்டுமே சேரும். தாள்களை ஆறு ஆண்டுகள் பாதுகாத்து வையுங்கள். நாளை இந்நாட்டின் குடியுரிமை கேட்கும்போது, ஐந்தாண்டுகளில் 1,095 நாள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பதோடு, கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அவற்றுள் மூன்று ஆண்டுகளுக்கேனும் வரிக் கணக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் விதி. தலைவரிச் சீட்டு என் தந்தையாருக்குச் செய்ததை இந்த அறிவிப்பு என் மகளுக்குச் செய்யும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பெற்றோர் ஏதேனும் ஓர் உறையைத் திறவாமல் வைத்திருந்தால், அவர்களை நகையாதீர்கள். அந்த அச்சம் இந்த நாட்டில் பிறந்ததன்று. அவர்கள் விட்டு வந்த நாட்டில் பிறந்தது. பக்கத்தில் அமர்ந்து, சேர்ந்து பிரியுங்கள்.

அந்தத் தகரப்பெட்டி இன்றும் யாங்கோனில் என் தமக்கையார் வீட்டில் இருக்கிறது. தாத்தா கொடுக்காத விண்ணப்பம் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது. எங்கள் வீட்டு இழுப்பறையிலோ இப்போது கரண்டிகள் மட்டுமே உள்ளன.

விழா சிறக்க வாழ்த்துகிறேன். வீட்டுப்பாடம் பாக்கி வைத்திருப்போர், அடுத்த சனிக்கிழமை தயங்காமல் கொண்டுவருக.