"பீ.ஆர். இரிக்கி சேர்"

கொஞ்சம் நீளமான பதிவு. சல்லி விசயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

வணிகக் கல்வியும் கணக்கீடும் படிப்பிக்கிற வாத்தியார் என்றால் ஷெயார் மார்க்கட்டும் தெரிந்திருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பள்ளிவாசல் முற்றத்தில், பாடசாலை கேட்டடியில், இன்பொக்ஸில், எங்கும் ஒரே கேள்விதான்: "சேர், எதுல போடலாம்?" அதை நான் சொல்வதில்லை. ஆலோசனை சொல்ல லைசன்ஸ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். போடுவதற்கு முன் எங்கே போய்ப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்லலாம். எல்லாம் கையிலிருக்கும் போனிலேயே இருக்கிறது.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா கூப்பிட்டா. மாப்பிள்ளை கட்டாரில். ஒரு செயலியில் சல்லி போட்டால் நாளுக்கு 2 வீதம் வருமாம், காப்பு ரெண்டையும் விற்றுப் போடலாமா என்று கேட்டா. கதையைக் கொண்டு வந்தவர் வேறு யாருமில்லை, அவவின் சொந்த மச்சான். "பீ.ஆர். இரிக்கி சேர், கொழும்புல ஒபிஸும் இரிக்காம்."

இந்த பீ.ஆர். என்ற கடதாசிதான் நம்மவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. சில்லறைக் கடை போடவும் பீ.ஆர். எடுக்கிறோம். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் அந்தப் பெயரில் கம்பனி பதிவாகியிருக்கிறதா என்று தெரியும், அவ்வளவுதான். பொதுமக்களிடம் வைப்பு வாங்க அது அனுமதி ஆகாது. அதற்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். மத்திய வங்கியின் தளத்துக்குத் தமிழ்ப் பக்கமும் உண்டு. அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலையும், பிரமிட் திட்டம் என்று கண்டு தடைசெய்தவற்றின் பட்டியலையும் அந்தத் தளத்தில் பார்க்கலாம். இரண்டாவது பட்டியலில் பெயர் இல்லையே என்று சந்தோசப்பட வேண்டாம். இந்தச் செயலிகள் பெயரை மாற்றிக்கொண்டு வருபவை. முதல் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னொன்று, வங்கித்தொழில் சட்டப்படி பிரமிட் திட்டத்தைத் தொடங்குவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் குற்றம். ஆள் சேர்த்துக் கொமிஷன் எடுக்கும் தம்பிமார் இதைக் கேட்டால் முகம் மாறுகிறது.

ராத்தாவிடம் போனில் கல்குலேட்டரைத் திறக்கச் சொன்னேன். நாளுக்கு 2 வீதம், வருவதை எடுக்காமல் விட்டால் 1 லட்சம் ரூபாய் 365 நாளில் 13 கோடியைத் தாண்டும். நாடே வங்குரோத்தாகிக் கிடந்த 2022 இறுதியில்கூட அரசாங்கத் திறைசேரி உண்டியலின் வட்டி வருசத்துக்கு 30 வீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் போனது. அந்த ஏல முடிவுகளையும் மத்திய வங்கி வாராவாரம் போடுகிறது. வட்டி நமக்கு வேண்டாம். ஆனால் ஒருவன் சொல்லும் லாபம் நடக்கக்கூடியதா என்று அளந்து பார்க்க அந்த எண் ஒரு நல்ல அடிமட்டம்.

இனி உண்மையான பங்குச் சந்தைக்கு வருவோம். இங்கே களவுச் செயலி இல்லை, ஆனால் வட்ஸ்அப் குரூப் இருக்கிறது. "நாளைக்கு இது ஏறும்" என்று ஒருவர் போடுவார், அவர் எப்போதோ வாங்கி வைத்திருப்பார்.

கொழும்பு பங்குச் சந்தையின் தளத்தில் ஜோன் கீல்ஸ், டயலொக், ஹேலீஸ் என்று பட்டியலில் உள்ள எந்தக் கம்பனியின் பெயரைத் தட்டினாலும் அதற்கென்று ஒரு பக்கம் திறக்கும். பலர் விலையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விசயம் இருப்பது காலாண்டு, வருடாந்த அறிக்கைகளில். அவை பெரும்பாலும் ஆங்கிலம், 200 பக்கம் வரும், முதல் பாதி முழுக்க அழகான போட்டோக்கள். அதை விட்டுவிட்டுக் கடைசிப் பாதிக்குப் போங்கள். நான் முதலில் கணக்காய்வாளரின் அறிக்கையில் 'கோயிங் கன்சேர்ன்' பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். கம்பனி தொடர்ந்து இயங்குமா என்ற சந்தேகம் அந்த இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். பிறகு காசுப் பாய்ச்சல் கூற்று. லாபம் என்று காட்டியது கைக்குக் காசாக வந்ததா என்று அது சொல்லிவிடும்.

காலாண்டு அறிக்கையின் முடிவில் பெரிய 20 பங்குதாரர்களின் பெயரும், பொதுமக்கள் கையில் எத்தனை வீதம் என்பதும் இருக்கும். எனக்குப் பிடித்த பக்கம் அது. பொதுமக்கள் கையில் கொஞ்சம்தான் என்றால், சின்னத் தொகையால்கூட விலையை ஆட்டலாம். வட்ஸ்அப் குரூப்பில் அடிக்கடி ஓடும் பெயர்களை இந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹலாலா என்று கேட்பவர்களுக்கும் இதே அறிக்கைதான் உதவும். தொழிலே கூடாதது என்றால் பேச்சில்லை. மற்றதுக்கு பஹ்ரைனின் அயோஃபி அமைப்பு அளவுகள் தந்திருக்கிறது: வட்டிக்கு வாங்கிய கடன் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்துக்குள், வட்டிக்கு வைத்த பணமும் அப்படியே, கூடாத வழியில் வந்த வருமானம் மொத்தத்தில் 5 வீதத்துக்குள், அதையும் கணக்குப் பார்த்து நீக்கிவிட வேண்டும். கடன் நிதி நிலைமைக் கூற்றில், வட்டி வருமானம் குறிப்புகளில், சந்தைப் பெறுமதி கம்பனியின் பக்கத்தில். ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். ஓ.எல். பிள்ளை செய்யும். தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள், ஆனால் எண்களோடு போய்க் கேளுங்கள்.

ஏ.ஐ.யிடம் அறிக்கையைக் கொடுத்துத் தமிழில் கேட்கலாமா என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். கேட்கலாம், எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக் கேள், அந்தப் பக்கத்தைத் திறந்து இலக்கத்தைச் சரிபார் என்றேன். இல்லாத இலக்கத்தையும் அது கூசாமல் சொல்லும். தரகர் கம்பனிக்கு லைசன்ஸ் உண்டா என்பதைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தளத்தில் பார்க்கலாம். கணக்குத் திறப்பதைப் பங்குச் சந்தையின் செயலியிலேயே செய்யலாம், இடையில் யாருக்கும் கை நனைக்கத் தேவையில்லை.

ராத்தா இன்னும் காப்பை விற்கவில்லை. கணக்கு அவவுக்கு விளங்கிவிட்டது, மச்சானுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் விளங்கவில்லை. "இல்லெண்டா குடும்பத்துல மனஸ்தாபம் சேர்" என்கிறா. மத்திய வங்கியின் பட்டியலை அவருக்கே அனுப்பி, "இதுல உங்கட கம்பனி எங்க இரிக்கி, காட்டுங்க மச்சான்" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அனுப்பிவிட்டாவாம். நீல டிக் விழுந்து நாலு நாள்.