குறி தவறாத ஜீப்

டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேருக்கும் மார்பளவுச் சிலைகள். கார்கில் வீரர்களின் முன்னால் செல்போன்கள் உயர்கின்றன. ஹவில்தார் அப்துல் ஹமீதின் சிலையருகே ஒரே ஒரு பள்ளிச் சிறுமி. விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். வரிசை நகர்ந்துவிட்டது, அவள் நகரவில்லை.

1965 செப்டம்பர் 10. பஞ்சாப் எல்லையில் கேம்கரண் பகுதி, சீமா கிராமம். காலை எட்டு மணிக்கு பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் பாய்ந்தன. ஒன்பதுக்குள் நம் முன்வரிசைக்குள் புகுந்துவிட்டன. நாலாவது கிரெனேடியர்ஸ் படையின் ஹமீதிடம் இருந்தது, திறந்த ஜீப்பில் பூட்டிய 106 மி.மீ. பீரங்கி. சுட்டால் பின்பக்கம் நெருப்பும் புழுதியும் கிளம்பி, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சுட்ட கையோடு இடம் மாறியாக வேண்டும். குண்டு வந்தால் தடுக்க ஒரு தகடுகூடக் கிடையாது.

பக்கவாட்டில் போய் முதலில் வந்த டாங்கியை அடித்தார். இடம் மாறி இன்னொன்றை அடித்தார். அதற்குள் எதிரி ஜீப்பைக் கண்டுகொண்டான். எந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் அந்த ஒரு ஜீப்பைக் குறிவைத்தன. ஹமீது விலகவில்லை. அடுத்த டாங்கியைச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே குண்டு விழுந்தது. வயது 32.

அவர் வீழ்த்திய டாங்கிகள் எத்தனை என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு பெரிதாகப் படவில்லை. தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் மறுபடி குறி பார்த்தாரே, அதுதான் என் நெஞ்சை அடைக்கிறது.

1966 குடியரசு தினத்தன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனிடமிருந்து பதக்கத்தை வாங்கியவர் மனைவி ரசூலன் பீபி. உள்ளங்கையில் அடங்கும் வெண்கல வட்டம், ஊதா நாடா, நான்கு வஜ்ராயுதங்கள். அந்த 21 பேரில் 14 பேருக்கு அது இறந்த பிறகே வந்தது.

நினைவுச் சின்னத்தின் கருங்கல் சுவர்களில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பெரும்பாலோர் வீட்டில் இப்படியொரு பதக்கம் இல்லை. கம்பளிக் குல்லா போட்ட பெரியவர் ஒருவர் வெகுநேரமாகச் சுவர் சுவராகத் தேடுகிறார். காவலர் அருகில் வந்து, "யாரைத் தேடறீங்க ஐயா?" என்று இந்தியில் கேட்கிறார். பெரியவர் சட்டென்று நிமிர்ந்து, குதிகால்களைச் சேர்த்து, நண்பனின் ராணுவ எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.