பற்றியிருப்பது யார் கை?

வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்தர் அனைவரும் ஒரே கூட்டமாகத் தோன்றலாம். ஆனால் 1814இல் வந்த வெஸ்லியன் மிஷனரிமாரும் 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரும் மீட்பைப் பற்றி இருவேறு விளக்கங்களோடு வந்தவர்கள். இறைவன் அருளை நீட்டுகிறார், மனிதன் அதனை ஏற்கவும் மறுக்கவும் கூடும் என்ற ஆர்மினியஸின் வழி வந்தோர் முன்னவர். மீட்கப்படுவோரை இறைவனே முன்குறித்துத் தெரிந்துகொண்டார், அவ்வருளை எவராலும் தள்ளிவிட முடியாது என்ற கல்வினின் மரபில் ஊறியோர் பின்னவர்.

இவ்வழக்கு அதற்கும் முந்தியது. 1618-19இல் ஒல்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய திருச்சபை மன்றம், ஆர்மினியஸின் சீடரைத் தள்ளிக் கல்வினின் பக்கம் தீர்ப்பளித்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கொண்டுவந்தது, அத்தீர்ப்பை ஏற்ற சபையையே. உத்தியோகம் பெற ஞானஸ்நானம் வேண்டும் என்ற அவர்களது விதியால் பல்லாயிரம் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. 1795இல் ஆங்கிலேயர் வந்தபின் அவற்றுட் பெரும்பாலானவை கரைந்து போயின.

நான் பருத்தித்துறையில் மெதடிஸ்தக் குடும்பமொன்றிற் பிறந்தவன். இன்றே தீர்மானம் செய்யுங்கள் என்ற பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்தேன். மனிதன் தன் தெரிவுக்குத் தானே பொறுப்பாளி என்பது பத்திரிகைக்காரனுக்கும் பிடித்தமான கொள்கை. பொறுப்பாளி எவரும் இல்லையென்றால் ஆசிரியத் தலையங்கம் எதற்கு?

என் எண்ணத்தை அசைத்தது எந்த நூலும் அன்று, அம்மாவின் மறதி. கடைசி மூன்று ஆண்டுகளில் முதலிற் பிள்ளைகளின் பெயர்களை மறந்தார். பின்னர் ஜெபத்தை மறந்தார். முடிவில் யேசுவின் பெயரைச் சொன்னாலும் முகத்தில் அசைவில்லை. இளமையில் அவர் செய்த தீர்மானம் அவரிடமே இல்லாமற் போயிற்று. அவரைக் கைவிடப்பட்டவர் என்று எந்த மெதடிஸ்தப் போதகரும் சொல்லார். ஏன் சொல்லார் என்று யோசித்தபோது, பற்றியிருப்பது அம்மாவின் கையன்று என்பதே எனக்குக் கிடைத்த விடை.

தமிழ் வைணவர் இதனை உவமையாகவே சொல்லிவைத்தனர். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாயே வாயிற் கவ்விச் செல்லும். வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டது இதனைத்தான். அம்மாவின் கட்டிலருகே நான் பூனையின் பக்கம் வந்து சேர்ந்தேன்.

ஆனால் கல்வினின் மறுபாதி தொண்டையில் இறங்க மறுக்கிறது. தெரிந்துகொள்ளப்பட்டோர் உண்டென்றால் விடப்பட்டோரும் உண்டு. அந்த நாட்களில் என்னோடு முறைவைத்து இரவில் விழித்திருந்தவர் அயல்வீட்டுச் சைவ அக்கா. நெற்றியில் திருநீற்றோடு அம்மாவுக்குக் கஞ்சி பருக்கியவர். அவரை உலகம் தோன்றுமுன்பே ஒதுக்கிவைத்த கடவுளை என்னால் தொழ முடியாது. 1739இல் முன்குறிப்புக் கொள்கைக்கு எதிராக வெஸ்லி பிரசங்கித்ததும் இந்த இடத்தில் நின்றுதான்.

அம்மாவுக்குக் கல்வின், அக்காவுக்கு வெஸ்லி என்று பிரித்துக்கொள்வது தர்க்கத்துக்கு ஒவ்வாது என்கிறார் வட்டுக்கோட்டைக்காரரான என் மைத்துனர். அவரிடம் சொல்ல என்னிடம் மறுமொழி இல்லை. அந்தக் குறையோடுதான் ஞாயிறு தோறும் ஆராதனைக்குப் போய்வருகிறேன்.