முதல் பாடம் கணக்கு

பேலியகொடை மீன் சந்தையில் வேலை விடியுறதுக்கு முன்னாலேயே தொடங்கிடும். எங்களில் சிலரோட அப்பாமார் அங்கதான். அம்மாமாரும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பணும். நாங்க ஒரு பிளேன்டீயைக் குடிச்சிட்டு 6.15க்கு ஓடுவோம். களனிப் பாலத்து நெரிசலைத் தாண்டி 7.30க்குள் கொட்டாஞ்சேனைக்குப் போகணுமே.

"காலையில சாப்பிட்டுட்டு வாங்க" என்று அசெம்பிளியில் சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டவன் 10.30 இன்டர்வலில்தான் பாணைப் பிரிக்கிறான். பதினாலரை மணித்தியாலம்! அதுக்குள்ள கணிதம் முடிஞ்சிருக்கும். போர்டு தெரியும், கணக்கு மண்டையில ஏறாது.

ஜமைக்காவில் செய்து 1998இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கு. கிராமப் பாடசாலைகளில் ஒரு வருஷம் பாதிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு, மற்றவர்களுக்குக் கால் துண்டு தோடம்பழம் (பாவம்!). சாப்பிட்டவர்களின் வரவு கூடியது. சின்னப் பிள்ளைகள் கணக்கிலும் முன்னேறினார்கள்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15ஆம் திகதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இங்கேயும் 2024 மார்ச்சில் பாடசாலை உணவை அரச பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் விரித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ரெண்டுமே 5ஆம் வகுப்பை மனசில வச்சுத் தொடங்கியவை. புலமைப்பரிசில் பாஸாகி 6ஆம் வகுப்புக்குத் தூரப் பாடசாலை போறவன்தான் இன்னும் வெள்ளன எழும்புறான்.

சாப்பாடு தர முடியாவிட்டால், இன்டர்வலை 9 மணிக்காவது வைக்கலாமே. அதுக்குக் காசு தேவையில்ல.